பதினைந்து நாளில் படைப்புழு என்ன செய்யும்?

கேள்வி:

எங்களுக்குக் கரிசல் காடு ஐந்து ஏக்கர். மானாவாரியில் மக்காச்சோளம்தான் முதல் வெள்ளாமை. கொஞ்சம் பருத்தியும் போடுவோம். 2018இல் படைப்புழு வந்ததிலிருந்து மக்காச்சோளம் போடுவதே சூதாட்டமாகிவிட்டது. மருந்துக் கடையில் சொன்னபடி, விதைத்த இரண்டாம் வாரத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை அடிக்கிறோம். கிணற்றுப் பாசனத்தில் மார்கழிக் குளிரில் வளர்ந்த பயிருக்கு இந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது. புரட்டாசி விதைப்பில் அதே மருந்து, அதே அளவு, அதே 15 நாள் இடைவெளி. ஆனால் இரண்டாவது தெளிப்புக்குப் போகும்போதே குருத்தெல்லாம் சல்லடை.

மருந்து கலப்படம் என்கிறார்கள் சிலர். அப்பாவோ, "யூரியாவைக் கொட்டினால் புழு வராமல் என்ன செய்யும்" என்கிறார். பக்கத்துக் காட்டு அண்ணன், "சித்திரை வெயிலில் எல்லாம் செத்துவிடும், கவலைப்படாதே" என்கிறார். ஆனால் கோடைச் சோளத்திலும் புழுவைப் பார்த்தேன். வெயிலுக்கும் தீனிக்கும் இந்தப் புழுவோடு என்னதான் சம்பந்தம்? இது பருத்திக்கும் தாவுமா? சோளத்தட்டையை மாட்டுக்குப் போடுகிறோம், அதையும் மனதில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

— மக்காச்சோள விவசாயி, வேப்பந்தட்டை, பெரம்பலூர் மாவட்டம்

பதில்:

உங்கள் கடிதத்தில் மார்கழியையும் புரட்டாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியிருக்கிறீர்களே, விடை அதற்குள்ளேயே இருக்கிறது. மருந்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அந்த 15 நாளைச் சந்தேகப்பட வேண்டும். நமக்கு 15 நாள் எந்த மாதத்திலும் 15 நாள்தான். புழுவுக்கு அப்படி இல்லை.

நம் உடம்பு வெளியே குளிரோ வெயிலோ ஒரே சூட்டில் இருக்கும். பூச்சியின் உடம்பு அப்படியல்ல; காற்று எவ்வளவு சூடோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அதுவும். தின்றது செரிப்பது, தோலுரிப்பது, முட்டை முதிர்வது எல்லாமே உடம்புக்குள் நடக்கும் வேதிவினைகள். சூடு கூடினால் அவை விரைவாக நடக்கும், குறைந்தால் மந்தமாகும், ஒரு எல்லைக்குக் கீழே போனால் வளர்ச்சியே நின்றுவிடும். படைப்புழுவுக்கு அந்தக் கீழெல்லை ஏறத்தாழ 12.5 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் கிடைக்கும் சூடுதான் அதற்குப் பயன்படுகிறது. ஒவ்வொரு நாளும் அந்த மிச்சச் சூட்டை உண்டியலில் போட்டுக்கொண்டே வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். உண்டியலில் 390 சேர்ந்தால், இட்ட முட்டை முழு அந்துப்பூச்சியாகி வெளியே வந்துவிடும். சூட்டைக் கூட்டிப் பார்க்கும் இந்த யோசனை புதிதல்ல. பிரான்சு நாட்டு அறிஞர் ரியோமூர் 1735ஆம் ஆண்டிலேயே சொன்னது. படைப்புழுவுக்கான எண்களைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் மக்காச்சோள இலை கொடுத்து வளர்த்துப் பார்த்து, 2020இல் வெளியிட்டார்கள். 18 டிகிரியில் வைத்த புழுக்கள் முட்டையிலிருந்து அந்துப்பூச்சியாக 71 நாள் எடுத்துக்கொண்டன. 32 டிகிரியில் வைத்தவை 20 நாளில் முடித்துவிட்டன. தீனியும் ஒன்று, பூச்சியும் ஒன்று. சூடு மட்டுமே வேறு.

இதை உங்கள் காட்டுக்குக் கொண்டுவருவோம். கைப்பேசியில் வானிலை பார்ப்பீர்கள் அல்லவா? அன்றைய உச்ச வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி வரும். புரட்டாசி, ஐப்பசியில் பகல் 33, இரவு 23 என்று ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரி 28. மார்கழியில் பகல் 28, இரவு 18 என்று ஒரு நாள், சராசரி 23. இடையில் இருப்பது 5 டிகிரிதான். உடம்புக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் 12.5ஐக் கழித்துப் பாருங்கள். முதலாவதில் ஒரு நாளைக்கு 15.5 சேர்கிறது, இரண்டாவதில் 10.5. மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. 28இல் முட்டை முதல் அந்துப்பூச்சி வரை 25 நாள். 23இல் 37 நாள்.

இப்போது உங்கள் 15 நாளை இதில் பொருத்திப் பார்ப்போம். நீங்கள் மருந்தடித்த மறுநாள் ஒரு அந்துப்பூச்சி வந்து முட்டையிடுகிறது. 28 டிகிரியில் முட்டை இரண்டரை நாளில் பொரிந்துவிடும். புழுப்பருவம் மொத்தமே 13 நாள். அப்படியானால் நீங்கள் அடுத்த தெளிப்புக்குக் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டும்போது அந்தப் புழு தின்ன வேண்டியதையெல்லாம் தின்று முடித்து, மண்ணுக்குள் இறங்கத் தயாராக இருக்கும். 23 டிகிரியில் அதே 15 நாளில் முட்டை பொரிய மூன்றரை நாள் போக, புழு ஐந்தாம் பருவத்துக்குள் இப்போதுதான் நுழைந்திருக்கும். அது தின்ன வேண்டிய மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்குகூட அதுவரை முடிந்திருக்காது.

"அவ்வளவு நாள் மருந்து இலையில் இருக்காதா?" என்று கேட்பீர்கள். அடித்த இலையில் சில நாள் இருக்கும். ஆனால் மக்காச்சோளம் ஓயாமல் குருத்து தள்ளும் பயிர். நீங்கள் அடித்த பிறகு வெளியே வரும் புது இலையில் ஒரு துளி மருந்தும் கிடையாது. புழு உட்கார்ந்திருப்பதும் அந்தப் புதுக் குருத்தில்தான்.

பத்தில் ஒரு பங்கு என்றேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லியாக வேண்டும். இந்தப் புழுவுக்கு ஆறு பருவம். பொரிந்து வரும்போது நீளம் இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது; ஆறாம் பருவ முடிவில் மூன்றரை சென்டிமீட்டர் வரை வளர்கிறது. தன் வாழ்நாளில் அது தின்னும் இலையில் ஏறத்தாழ 77 விழுக்காட்டைக் கடைசிப் பருவத்தில் மட்டும் தின்கிறது. ஐந்தாம் பருவத்தில் 16 விழுக்காடு. முதல் மூன்று பருவமும் சேர்ந்து 2 விழுக்காடுதான். குருத்து ஒரே ராத்திரியில் போய்விட்டது என்று விவசாயிகள் சொல்வது மிகைப்பேச்சு அல்ல. ஒரு வாரமாக உள்ளே இருந்த புழு, கடைசி மூன்று நான்கு நாளில் செய்யும் வேலை அது. மார்கழியில் உங்கள் மருந்து அந்த நாட்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. புரட்டாசியில் அவை முடிந்த பிறகு போனது. மருந்து கலப்படமே இல்லை என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல மருந்தாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

ஆகவே 15 நாளுக்கு ஒரு தெளிப்பு என்பதை விட்டுவிடுங்கள். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். ஆண் அந்துகள் விழ ஆரம்பித்தால், பெண்களும் காட்டில் இருக்கின்றன என்று அர்த்தம். அன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். சராசரி 28 என்றால், அன்றிரவு இட்ட முட்டையிலிருந்து வரும் புழு மூன்றாம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை சின்னப் புழு. 23 என்றால் நான்காம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரை. அந்த நாட்களில்தான் நீங்கள் காட்டுக்குள் இறங்க வேண்டும். அப்போது அடிக்கும் மருந்துதான் பலன் தரும். ஆய்வகத்தில் சூடு ஒரே சீராக இருக்கும், காட்டில் ஏறி இறங்கும். ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகலாம். அதனால் எண்ணிக்கையோடு கண்ணும் வேண்டும்.

கண்ணால் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். விடிந்து வெயில் ஏறுவதற்குள் காட்டுக்குள் போய், வரப்போரத்தை விட்டு உள்ளே நடந்து, அங்கங்கே நின்று செடிகளைப் பாருங்கள். இலையின் அடியிலோ மேலேயோ, தண்டை ஒட்டிய பக்கத்திலோ, பழுப்பேறிய பஞ்சை ஒட்டியதுபோல ஒரு சின்னத் திட்டு தெரியும். நகத்தால் மெல்ல நீக்கினால் அடியில் 100, 200 முட்டைகள் அடுக்கடுக்காக இருக்கும். தாய் அந்து தன் உடம்புச் செதிலையே உதிர்த்து மூடிவிட்டுப் போன முட்டைகள் அவை. அதைக் கண்டால் இலையோடு கிள்ளி நசுக்கிவிடுங்கள். இதைவிடச் சிக்கனமான தெளிப்பு எதுவும் இல்லை. இலையில் பச்சையைச் சுரண்டிவிட்டு, வெள்ளைத் தாள் போன்ற மெல்லிய சவ்வு மட்டும் மிஞ்சியிருந்தால் அது சின்னப் புழுவின் வேலை. இலை ஓட்டையாகி, குருத்துக்குள் ஈர மரத்தூள் மாதிரி எச்சம் குவிந்திருந்தால் பெரியது உள்ளே இருக்கிறது. குருத்தைப் பிரித்துப் பாருங்கள். தலையில் தலைகீழான 'ஒய்' எழுத்து மாதிரி வெளிர்கோடும், வால் பக்கம் சதுரத்தின் நான்கு மூலையிலும் வைத்தது போல நான்கு கரும்புள்ளியும் இருந்தால் படைப்புழுதான். நீளத்தைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டியவற்றுக்கு மருந்தடிப்பதில் காசுதான் கரையும்.

ஒரு குருத்தில் பெரும்பாலும் ஒரு பெரிய புழுதான் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? நூற்றுக்கணக்கில் பொரிந்தவை எங்கே போயின? சில நூல்விட்டுக் காற்றில் பக்கத்துச் செடிகளுக்குப் போய்விடும். மிச்சத்தில் பெரியது சின்னதைத் தின்றுவிடும். இவற்றை ஆய்வகத்தில் வளர்ப்பவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைப்பதற்குக் காரணம் இதுதான். நெருக்கம் கூடினாலும் தீனி குறைந்தாலும் இந்தப் பழக்கம் அதிகமாகும்.

இனி தீனிக்கு வருவோம். உங்கள் அப்பா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

அந்துப்பூச்சிக்குக் கடிக்கும் வாய் கிடையாது. சுருட்டி வைத்த ஒரு குழல்தான் இருக்கும். பூந்தேனோ, பனித்துளியோ, திரவமாக எதையாவது உறிஞ்சிக்கொள்ளும். ஆய்வகத்தில் அவற்றுக்குத் தேன் கலந்த தண்ணீரில் நனைத்த பஞ்சைத் தொங்கவிடுவார்கள். அந்தச் சர்க்கரை பறப்பதற்குச் சக்தி தரும், ஆயுளைக் கூட்டும், முட்டையையும் கூட்டும். ஆனால் முட்டைக்குள் போக வேண்டிய புரதம் சர்க்கரையில் கிடைக்காது. அது அந்தப் பூச்சி புழுவாக இருந்தபோது உங்கள் இலையில் தின்று உடம்பில் சேர்த்து வைத்தது. கூட்டுப்புழுவை எடை போட்டால், கனமான பெண் கூட்டுப்புழுவிலிருந்து வரும் அந்து அதிக முட்டை இடும். மெலிந்ததிலிருந்து வருவது குறைவாக இடும். ஒரு பெண் சராசரியாக 1,500 முட்டை, நல்ல தீனி கிடைத்தால் 2,000 வரையிலும் இடும் என்கிறார்களே, அதில் எவ்வளவு என்பது அது புழுவாக இருந்தபோது குருத்துக்குள்ளேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

தழைச்சத்து மிகுந்த, கரும்பச்சையான இளங்குருத்து புழுவுக்கு விருந்து. சீக்கிரம் வளரும், கனமாகக் கூட்டுப்புழுவாகும். அந்துகளும் அப்படிப்பட்ட பயிரைத் தேடி வந்து முட்டையிடும். இதுவரை அப்பா சொன்னது சரி. ஆனால் யூரியாவை நிறுத்திப் பயிரைப் பட்டினி போட்டால் புழு ஒழிந்துவிடும் என்று நினைத்தால் அது நடக்காது. சத்துக் குறைந்த இலையில் இருக்கும் புழு, தனக்குத் தேவையான புரதத்தைச் சேர்க்கக் கூடுதலாகத் தின்னும். வளர்ச்சி மந்தமாகி, இன்னொரு முறை கூடுதலாகத் தோலுரிப்பதும் உண்டு. புழு மெலியும், ஆனால் சேதம் குறையாது. அடிபட்ட செடிக்கு மறுபடி குருத்து தள்ளவும் தெம்பிருக்காது. ஆகவே மண் பரிசோதனை சொல்லும் அளவைப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள். மழை பெய்த மறுநாள் ஒரே மூச்சில் மூட்டையைக் கவிழ்க்கும் பழக்கம்தான் கெடுதல். சாம்பல்சத்தை விட்டுவிடாதீர்கள். மணிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் செலவழிக்கிறவர்கள் அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

தீனியைப் பற்றி இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது உங்கள் ஐந்து ஏக்கருக்குள் அடங்காது. மக்காச்சோளத்தின் எல்லாப் பாகமும் எல்லா வயதுப் புழுவுக்கும் ஒத்துவராது. பொரிந்து வந்த சின்னப் புழுவுக்கு வேண்டியது இளங்குருத்து. கதிர் விட்ட பயிரின் முற்றிய இலையில் அதனால் பிழைக்க முடியாது; பட்டுநூலும் பால்பிடிக்கும் மணியும் கிடைத்தால்தான் தேறும். ஆக, ஊர் முழுக்க ஒரே வாரத்தில் விதைத்தால், குருத்துப் பருவம் எல்லாருக்கும் ஒன்றாக வந்து ஒன்றாக முடியும். அடுத்த தலைமுறைப் புழு பொரியும்போது அதற்குத் தகுந்த தீனி குறைந்திருக்கும். ஒருவர் ஆவணிக் கடைசியில், ஒருவர் புரட்டாசி நடுவில், இன்னொருவர் ஐப்பசியில் என்று விதைத்தால், 25 நாளைக்கு ஒருமுறை பறந்து வரும் அந்துக்குப் புத்தம்புதிய குருத்தை நாமே வரிசையாக ஏற்பாடு செய்து கொடுக்கிறோம். கடைசியாக விதைத்தவர் காட்டில்தான் எல்லார் புழுவும் வந்து விழும். மானாவாரியில் மழையைப் பார்த்துத்தான் விதைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மழை ஊருக்கே பொதுவாகத்தான் பெய்கிறது. பெய்த பத்து நாளுக்குள் எல்லாரும் விதைத்துவிடுவது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள். எந்த மருந்தைவிடவும் நான் இதைத்தான் முதலில் வைப்பேன்.

அறுவடைக்குப் பிறகு காட்டில் தானாக முளைக்கும் சோளம், தோட்டத்து மூலையில் தீவனத்துக்குப் போட்ட சோளப்பயிர், இவையெல்லாம் இடைக்காலத் தீனி. 350க்கும் மேற்பட்ட செடி வகைகளில் இந்தப் புழு பதிவாகியிருக்கிறது. அதற்கு மிகவும் பிடித்தது புல் குடும்பம்: மக்காச்சோளம், சோளம், கேழ்வரகு, கரும்பு.

இப்போது பக்கத்துக் காட்டு அண்ணனின் சித்திரை வெயில். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் நினைக்கும் இடத்தில் இல்லை.

நான் மேலே சொன்ன கணக்கு, சூடு கூடக் கூட வளர்ச்சி வேகமாகும் என்கிறது. அது 30, 32 டிகிரி வரைக்கும்தான் பொருந்தும். அதற்கு மேலே வேகம் தளரும். நாள் முழுக்க 35ஐத் தாண்டி நீடித்தால் புழுக்கள் சாக ஆரம்பிக்கும். இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. வேகமாக வளர்ந்த பூச்சி நிறைய முட்டையிடும் என்று நினைத்துவிடக் கூடாது. கடும் சூட்டில் அவசர அவசரமாக வளர்ந்த புழு சின்னக் கூட்டுப்புழுவாகும்; அதிலிருந்து வரும் பெண் குறைவாக முட்டையிடும், ஆயுளும் குறைவு. வளரும் பருவத்தில் அதிக வெப்பத்தில் அடிபட்ட ஆண் அந்துகளின் விந்தணு கெட்டுப்போவதால், இட்ட முட்டைகளும் பொரியாமல் போகும். அந்துப்பூச்சிகளில் உயிர் போகும் வெப்பத்துக்குக் கீழேயே மலட்டுத்தன்மை தொடங்கிவிடுகிறது. குளிரில் இதற்கு எதிர்மாறு. மெதுவாக வளர்ந்த புழு பெரிதாகும். தலைமுறைகளின் எண்ணிக்கை குறையும், ஆனால் வரும் அந்து வாட்டசாட்டமாக இருக்கும். ஆக, வேகம், உயிர் பிழைப்பது, முட்டை எண்ணிக்கை மூன்றும் சேர்ந்து நன்றாக அமையும் வெப்பம் 26க்கும் 30க்கும் இடையில். நம் ஐப்பசி மாதத்துச் சராசரி அதுவேதான் என்பது நமக்கு வாய்த்த துரதிர்ஷ்டம்.

சித்திரையில் காற்று 40 டிகிரி. பிறகு எப்படிப் பிழைத்தது? புழு இருப்பது வெட்டவெளியில் அல்ல. தண்ணீர் பாய்ந்த சோளத்தின் குருத்துக்குள் நிழலும் ஈரமும் இருக்கும். இலை நீராவி விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். உச்சி வெயிலில் புழு அடிக்குருத்துக்குப் போய்விடும், பொழுது சாய்ந்ததும் மேலே வரும். கூட்டுப்புழு மண்ணுக்குள் இரண்டு முதல் எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் நிழலில் கிடக்கும். பாசனக் காடு அதற்குக் கோடையில் ஒரு தங்குமிடம்.

வெயிலை ஆயுதமாக்க வேண்டுமானால் புழுவை வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும். கோடை உழவின் பயன் அங்கேதான். பயிரில்லாத கரிசலின் மேல்மண் சித்திரைப் பகலில் காற்றைவிட எவ்வளவோ சூடாக இருக்கும், செருப்பில்லாமல் நடக்க முடியாது. ஆழத்தில் கிடக்கும் கூட்டுப்புழுவைப் புரட்டி அந்த மண்ணின் மேல் போட்டால் தாங்காது. மிஞ்சியதைக் கொக்கும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடச் சொல்வதும் மண்ணிலிருந்து வரும் அந்துகளைக் குறைக்கத்தான்.

இந்தப் பூச்சியின் சொந்த ஊரான அமெரிக்கக் கண்டத்தில் குளிர் செய்யும் வேலையைக் கேட்டால் உங்களுக்குப் பொறாமையாக இருக்கும். இதற்கு உறக்கநிலை என்பதே கிடையாது. உறைபனியைத் தாங்கத் தெரியாது. வட அமெரிக்காவில் ஒவ்வொரு குளிர்காலமும் இதைத் துடைத்துவிடுகிறது. தெற்கு ஃபுளோரிடா, தெற்கு டெக்சாஸ் போன்ற வெதுவெதுப்பான ஓரங்களில் மட்டும் பிழைத்து, வசந்தத்தில் மறுபடி வடக்கே கனடா வரை பறந்து போகிறது. ஒரே இரவில் 100 கிலோமீட்டர் போகக்கூடிய பூச்சி இது. 2016இல் ஆப்பிரிக்காவில் தெரியவந்தது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் பிடிபட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் பெரம்பலூர், அரியலூர்க் காடுகளில் நீங்களே பார்த்தீர்கள். நம் மாவட்டங்களில் அதைத் துடைக்கும் குளிர்காலம் கிடையாது. மார்கழிப் பனியில்கூட இரவுச் சூடு அதன் கீழெல்லைக்கு மேலேதான் இருக்கிறது.

இரவைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றும். எல்லாரும் மத்தியான வெயிலைத்தான் பார்க்கிறார்கள். உண்டியலில் இரவுச் சூடும் விழுகிறது. பகல் அதே 33ஆக இருந்து, இரவு 23க்குப் பதில் 18க்கு இறங்கினால், சராசரி 25.5 ஆகிவிடும், 25 நாளில் முடிய வேண்டிய தலைமுறை 30 நாளாகிறது. இரவுகள் சூடாகிக்கொண்டு வருவதை நீங்களும் உணர்ந்திருப்பீர்கள். பகலில் அதிகம் மாறாவிட்டாலும் இரவு இறங்காமல் இருந்தாலே பூச்சிக்கு ஆதாயம்தான். அந்து பறப்பதும் கூடுவதும் முட்டையிடுவதும் இரவில்தானே.

குளிரும் ஈரமும் நமக்குச் செய்யும் ஒரு உதவியையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்து வானம் மூடியிருக்கும் நாட்களில், குருத்துக்குள் தண்ணீர் நின்று சின்னப் புழுக்கள் மூழ்கியும் அடித்துச் செல்லப்பட்டும் சாகும். அதற்குப் பின் சில நாளில், இலை நுனியைப் பிடித்தபடி விறைத்துக் கிடக்கும் புழுக்களைப் பார்ப்பீர்கள். முதலில் வெள்ளைப் பூசணம் பூத்து, பிறகு வெளிர் பச்சைத் தூளாக மாறியிருக்கும். அது மெட்டாரைசியம் ரைலேயி என்னும் பூஞ்சை. நம் மண்ணிலேயே இருப்பது, படைப்புழு வந்த முதல் பருவத்திலேயே அதைத் தாக்கத் தொடங்கிவிட்டது. அப்படிச் செத்த புழுக்கள் காட்டில் நிறையத் தெரிந்தால் தெளிப்பை நிறுத்திவிட்டு நான்கைந்து நாள் பொறுத்துப் பாருங்கள். இந்தப் பூஞ்சை இருக்கும்போது பூஞ்சாணக்கொல்லியையும் கலந்து அடித்து நண்பனையும் கொன்றுவிடாதீர்கள்.

மருந்து அடிக்க வேண்டி வந்தால்: நூறு செடியில் ஐந்தில் சின்னப் புழுவின் சுரண்டல் தெரியும்போது அசாடிராக்டின் 1500 பிபிஎம் லிட்டருக்கு 5 மில்லி. பத்தைத் தாண்டினால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி லிட்டருக்கு 0.4 கிராம், அல்லது ஸ்பினிடோரம் 11.7 எஸ்சி 0.5 மில்லி, அல்லது குளோராண்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்சி 0.4 மில்லி. மூன்றும் வெவ்வேறு வகை மருந்துகள். ஒரு தலைமுறைக்கு ஒன்றை அடித்தால், அடுத்த தலைமுறைக்கு வேறொன்று. தலைமுறை எத்தனை நாள் என்பதை மேலே சொன்ன சூட்டுக் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். காலையிலோ, பொழுது சாயும் நேரத்திலோ, முனையைக் குருத்துக்குள் திருப்பி அடியுங்கள். உச்சி வெயிலில் இலை மேல் பன்னீர் தெளிப்பதுபோல் அடித்தால் அடிக்குருத்தில் இருக்கும் புழுவுக்கு எதுவும் போய்ச் சேராது.

பருத்திக்குத் தாவுமா என்று கேட்டிருந்தீர்கள். தாவலாம். ஆனால் அது அதற்கு உகந்த தீனி அல்ல. பருத்தி இலையில் வளரும் புழுவுக்கு நாள் கூடுதலாகும், சாவும் கூடுதல். மக்காச்சோளம் பக்கத்திலேயே இருக்கும்போது அதைவிட்டு வராது. உங்கள் பருத்தியில் பார்க்கும் இலைதின்னிப் புழு பெரும்பாலும் இதன் உறவான புரோடினியாவாக இருக்கும். அதற்கு ஆமணக்கு என்றால் உயிர். ஆமணக்கில் வேகமாகவும் கனமாகவும் வளரும். வரப்போரம் ஆமணக்கை நட்டு, அந்த இலைகளில் முட்டைக் குவியலையும் கூட்டமாக இருக்கும் சின்னப் புழுக்களையும் பொறுக்கி அழிக்கச் சொல்வது அதன் தீனி விருப்பத்தை வைத்துத்தான். நட்டுவிட்டுப் பொறுக்காமல் விட்டால் நீங்களே நாற்றங்கால் போட்டு வளர்த்தது போலாகும்.

தட்டையைப் பற்றி: மருந்து டப்பாவில் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையில் விட வேண்டிய நாள் அச்சிட்டிருக்கும். பச்சைத் தட்டையை மாட்டுக்கு அறுப்பதற்கும் அதற்குக் குறையாமல் நாள் விடுங்கள். வீட்டுத் தீவனத்துக்கென்று ஒரு துண்டு நிலம் ஒதுக்கியிருந்தால் அதில் இரசாயனமே வேண்டாம். முட்டைக் குவியலை நசுக்குவதும், மணலில் பத்தில் ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து முதல் முப்பது நாளுக்குள் குருத்தில் ஒரு சிட்டிகை போடுவதும் அந்தச் சின்ன நிலத்துக்குப் போதும்.